யார் சஹனில் அமர்வது?

உருது மொழியில் வாழ்க்கை வரலாறு எழுதும் கலைக்கு வழி வகுத்தவர் மௌலானா அல்தாஃப் ஹுசைன் ஹாலி. 1837-இல் பானிப்பட்டில் பிறந்து 1914-இல் மறைந்த அப்பெருமகனார், தாம் நேரிற் கண்டு பழகிய இரு பெரியவர்களைப் பற்றித் தனித்தனியே நூல் எழுதியிருக்கிறார். ஒன்று, மிர்ஸா காலிபைப் பற்றி 1897-இல் வெளிவந்த ‘யாத்காரே காலிப்’. மற்றொன்று, ஸர் ஸையித் அஹ்மத் கானைப் பற்றி 1901-இல் வெளிவந்த ‘ஹயாத்தே ஜாவேத்’. எழுதிய கை ஒன்றுதான். ஆயினும் இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் ஒருவர், இரு வேறு மனிதர்கள் எழுதியவையோ என ஐயுறக்கூடும்.

ஸர் ஸையித் வரலாறு மிகப் பெரியது. அலிகரில் 1875-இல் கல்விச்சாலை கண்ட அப்பெரியாரின் உழைப்பும், அவர் ஏற்ற வசைகளும், சமுதாயத்துக்கு அவர் ஆற்றிய பணிகளும் அதில் அடுக்கடுக்காக நிறைந்திருக்கின்றன. காரணங் காட்டிப் பாடிய புகழ்மாலை என்னும் பொருள்பட மௌலானா ஷிப்லி நுஃமானி அந்நூலைக் குத்திக் காட்டினார். அது சற்றுக் கடுமையான தீர்ப்பு என்பதே என் எண்ணம். ஆனால் அதில் உண்மை இல்லாமலும் இல்லை. அந்நூலைப் படித்து முடிக்கும் வாசகர் எழுந்து நின்று ஸர் ஸையிதுக்கு மரியாதை செய்வார். உட்கார்ந்து அவரோடு ஒரு கோப்பைத் தேநீர் அருந்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது.

காலிபைப் பற்றிய நூலோ வேறு வகை. மாம்பழம் பிடிக்காத நண்பர் ஒருவர் காலிபோடு அமர்ந்திருந்தபோது, தெருவில் போன கழுதை அங்கே கிடந்த மாம்பழத் தோலை முகர்ந்துவிட்டு ஒதுங்கிப் போயிற்றாம். கழுதைகூட மாம்பழம் தின்பதில்லை பாருங்கள் என்றாராம் நண்பர். ஆமாம், கழுதைதான் தின்பதில்லை என்றாராம் காலிப். இத்தகைய செய்திகளை ஹாலி ஒன்றன்பின் ஒன்றாக, தம் சிரிப்பை அடக்க மாட்டாதவராய்ச் சொல்லிக்கொண்டே போகிறார். மனிதனைப் பேசும் பிராணி என்று தருக்க நூலார் வரையறுப்பர். காலிபை நகைச்சுவைப் பிராணி என்று வரையறுத்தாலும் பொருந்தும் என்பது அவருடைய கருத்து.

இத்தனைக்கும் ஹாலி மார்க்கப் பற்று மிகுந்தவர். காலிபோ தொழுகையைப் பேணியவர் அல்லர், மது அருந்தியவர், சூதாட்டக் குற்றத்துக்காக 1847-இல் சிறை சென்றவர், கடன் அவரை இறுதி நாள்வரை விட்டதில்லை. ஒருமுறை தொழுகையை வலியுறுத்தி நீண்டதோர் அறிவுரையை எழுதி, காது கேளாத அம்முதியவரிடம் ஹாலி நீட்டியதும் உண்டு. அச்செயலைப் பிற்காலத்தில் நாணத்தோடுதான் நினைவுகூர்கிறார். காலிப் நடந்த வழியில் தாம் நடக்க அவர் விரும்பியதேயில்லை. அந்தச் சகவாசத்தை விட்டு விலகவும் அவருக்கு மனமில்லை. ஹாலியின் வாழ்வையே ஒரு பணியை நோக்கித் திருப்பியவர் ஸர் ஸையித்தான். 1879-இல் வெளிவந்த ‘முஸத்தஸ்’ அவருடைய தூண்டுதலால் பிறந்ததே. இருப்பினும் ஹாலியின் பேனா சிரிப்பது காலிபின் வீட்டில்தான்.

ஒருவரை மதிப்பது வேறு, அவர் அருகில் இருப்பதில் மகிழ்வது வேறு என்னும் இவ்வுண்மையை ஹாலியின் நூல்களில் காண்பதற்கு முன்பே எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் நான் கண்டிருக்கிறேன். இராமநாதபுரம் கடற்கரையில் எங்கள் ஊர். விருந்தென்றால் சஹன்தான். மூவரோ நால்வரோ ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்பதற்கு இணையான சோதனை வேறில்லை. மேடையில் யாருக்கும் மாலை போட்டுவிடலாம்; நெய்ச்சோற்றையும் தால்சாவையும் ஒரே தட்டில் பிசைந்து உண்ண யாருக்கு எதிரே அமர்வது என்பதைக் கைகால்கள் தாமாகவே முடிவு செய்துவிடுகின்றன.

என் வாப்பாவின் மூத்த சகோதரரை ஊர் முழுவதும் மதித்தது. முப்பதாண்டுகள் தலைமையாசிரியராக இருந்தவர். ஜமாஅத் கணக்கை அவர் பார்த்த காலத்தில் ஒரு பைசா பிசகியதில்லை. பங்குச் சண்டையால் பிரிந்து கிடந்த குடும்பங்களை நீதிமன்றத்தின் படி ஏறவிடாமல் தடுத்து, நியாயம் சொல்லி ஒட்ட வைத்தவர். ஏழை மாணவர்கள் எத்தனையோ பேருக்குத் தம் ஓய்வூதியத்திலிருந்து கல்விக் கட்டணம் செலுத்தினார் என்பது அவர் மறைந்த பின்னரே வெளிவந்தது. அத்தகையவர் தெருவில் வந்தால் திண்ணைப் பேச்சு நின்றுவிடும். சுருட்டை மறைப்பவர் மறைப்பார். சட்டைப் பொத்தானைப் போடுபவர் போடுவார். அவர் ஸலாம் சொல்லிக் கடந்து சென்ற பிறகுதான் மூச்சு வரும். நிக்காஹ் பத்திரிகை கொண்டு வந்து கொடுத்த ஒருவரிடம், அதிலிருந்த மூன்று ஒற்றுப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திக் கையோடு திருப்பிக் கொடுத்தவர் அவர். பத்திரிகை ஏற்கெனவே ஐந்நூறு படிகள் அச்சாகியிருந்தது என்பது வேறு விஷயம்.

விருந்துகளில் அவர் சஹனில் இடம் எப்போதும் காலியாகவே இருக்கும். வேண்டாதவர் என்று எவரும் ஒதுங்கியதில்லை. முந்திக்கொண்டு அமர எவருக்கும் துணிவு வரவில்லை என்பதுதான் உண்மை. விருந்து மேற்பார்வை பார்ப்பவர் வெளியூர் விருந்தாளிகளையோ விவரம் அறியாச் சிறுவர்களையோ பிடித்து அங்கே அமர்த்துவார். அச்சிறுவர்களில் ஒருவனாக நானும் சில முறை அமர்ந்திருக்கிறேன். கறித் துண்டுகளில் நல்லதை என் பக்கம் தள்ளி வைப்பார். அன்பு இல்லாதவர் அல்லர். ஆனால் உண்டு முடிக்கும்வரை நான் முதுகை வளைக்காமல் அமர்ந்திருந்தது இன்றும் நினைவிருக்கிறது.

அதே பந்தலின் மறுகோடியில் பினாங்கு மாமாவின் சஹனைச் சுற்றி நெருக்கடி. பினாங்கில் கடை வைத்து, நொடித்து, 1969-இல் ஊர் திரும்பியவர். வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அவரிடம் குறைவு. சொன்ன நேரத்துக்கு வந்ததாக வரலாறு இல்லை. அவரிடம் பள்ளிவாசல் சாவியைக்கூட யாரும் ஒப்படைக்க மாட்டார்கள். ஆனால் அவர் வந்து அமர்ந்தால் அந்த இடத்துக்கு வெளிச்சம் வந்துவிடும். கப்பலில் தாம் பட்ட பாட்டைச் சொல்லும்போது கேட்பவர் வயிறு குலுங்கும்; சிரிக்க வைத்துக்கொண்டே பக்கத்தில் வாடியிருப்பவன் யார் என்பதையும் கண்டுகொள்வார். “என்னடா மருமகனே, சோறு இறங்கலையா?” என்று அவர் கேட்ட ஒரு கேள்வியில் தங்கள் மனச்சுமையை இறக்கி வைத்தவர்கள் பலர் இருக்கிறார்கள்.

இவ்விருவரையும் நான் தராசில் நிறுத்தவில்லை. நிறுக்க வேண்டும் என்று நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. மதிப்புக்கு உரியவரோடு இருக்கும்போது மகிழ்ச்சி வரவில்லையென்றால் நம் உள்ளத்தில் ஏதோ கோளாறு என்று அஞ்சுகிறோம். மகிழ்ச்சி தருபவரிடம் மதிக்கத்தக்கது எதுவும் இல்லையென்றால், நம் மகிழ்ச்சிக்காகவே வெட்கப்படுகிறோம். பிள்ளைகளிடமும் இதையே வற்புறுத்துகிறோம்: இன்னாரைப் போய்ப் பார், அவரோடு இரு, நாலு நல்ல விஷயம் காதில் விழும் என்கிறோம். நாலு நல்ல விஷயம் காதில் விழுவது ஒரு பயன். அதைச் சகவாசம் என்று சொல்ல முடியுமா?

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் நிகழ்ந்ததாக ஹதீஸ் நூல்களில் வரும் ஒரு காட்சியை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. குறைஷிப் பெண்கள் சிலர் அண்ணலாரின் முன்னிலையில் அமர்ந்து குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஏதேதோ கேட்டு வற்புறுத்துகிறார்கள். அவ்வேளை உமர் (ரலி) அவர்கள் உள்ளே வர அனுமதி கேட்கிறார்கள். குரலைக் கேட்டதும் பெண்கள் எழுந்து திரைக்குப் பின்னே விரைகிறார்கள். அண்ணலார் சிரிக்கிறார்கள். காரணம் அறிந்த உமர் (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் தூதருக்கு அஞ்சாமல் எனக்கா அஞ்சுகிறீர்கள் என்று அப்பெண்களைக் கடிந்துகொள்ள, நீங்கள்தாம் கடுமையானவர் என்று திரைக்குப் பின்னிருந்து பதில் வருகிறது.

இதில் என்னைக் கவர்வது, அதன் பின் நடந்தது. பெண்களே, உமரோடும் இப்படியே உறவாடுங்கள் என்று அண்ணலார் பணிக்கவில்லை. உமரே, இனி நீர் மென்மையாக இரும் என்றும் அவ்விடத்தில் கூறவில்லை. உமர் (ரலி) நடக்கும் பாதையில் ஷைத்தான் நடப்பதில்லை என்று அவருடைய உயர்வைத்தான் எடுத்துரைத்தார்கள். உமரின் மதிப்பும் குறையவில்லை. பெண்களின் மனநிலையும் குற்றமாகவில்லை. இரண்டுக்கும் ஒரே வீட்டில் இடமிருந்தது.

இன்னொன்றும் உண்டு. அண்ணலாரைச் சூழ்ந்திருந்தவர்களை நாம் எப்பெயரால் அழைக்கிறோம்? ஸஹாபாக்கள் என்கிறோம், தமிழில் நபித்தோழர்கள். ‘ஸுஹ்பத்’ என்னும் உடனிருத்தலிலிருந்து பிறந்த சொல் அது. மாணவர், தொண்டர், அடியார் என்றெல்லாம் சொற்கள் இருக்க, இச்சமுதாயத்தின் ஆகப் பெரிய சிறப்புப் பெயர் ‘கூட இருந்தவர்’ என்பதாக அமைந்திருக்கிறது. முதுகில் ஏறிக்கொண்ட பேரர் இறங்கும்வரை ஸஜ்தாவை நீட்டித்தவரும், வளர்த்த குருவி இறந்துபோன சிறுவனிடம் அக்குருவியைப் பற்றி விசாரித்தவரும் ஆகிய ஒருவரிடம், மதிப்பும் மகிழ்ச்சியும் ஒன்றாகவே கூடியிருந்தன. அது அருள். எல்லாரிடமும் அதை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

நம் தமிழ் முன்னோரும் இவற்றைத் தனித்தனியே வைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். பெரியாரைத் துணைக்கொள்வதற்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். நட்புக்கும், நட்பின் உரிமையைப் பேசும் பழைமைக்கும் வேறு அதிகாரங்கள் வகுத்தார். பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நட்புக் கொண்டு, உயிர் விடுவதிலும் ஒன்றுபட்டனர் என்பது சங்கச் செய்தி. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறும்பான எண்ணம் எழும். பாண்டிய நாட்டுப் புலவர் உறையூர் அரண்மனையில் ஒரு மாதம் தங்கியிருந்தால், சோழனுடைய ஏதேனும் ஒரு பழக்கம் அவருக்குச் சலிப்புத் தட்டியிருக்குமோ? எழுத்தாளரைப் பார்க்கவென்று நெடுந்தொலைவிலிருந்து வரும் வாசக அன்பர்களின் முகத்தில் பத்தாம் நிமிடம் படரும் மாற்றத்தை அறிந்தவன் என்ற முறையில் கேட்கிறேன். புலவர் பெருமான் பொறுப்பாராக.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. அது திருமணப் பேச்சு.

1979-ஆம் ஆண்டு எங்கள் உறவுப் பெண் ஒருத்திக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை சொந்தத்திலேயே முறை மச்சான்; சிறு வயதிலிருந்து அவள் அறிந்தவர். படிப்பு, ஐவேளைத் தொழுகை, கைநிறைந்த சம்பளம், பெற்றோரைப் பேணும் பண்பு எல்லாம் இருந்தன. பெண் வேண்டாம் என்றாள். என்ன குறை என்றார்கள். ஒரு குறையும் இல்லை என்றாள். குறையில்லாதவரை வேண்டாம் என்பது திமிர் அல்லவா என்று வீடே கொந்தளித்தது. உம்மா அவளைத் தனியே அழைத்துக் கேட்டபோது, “அவங்க ரொம்ப நல்லவங்க மாமி. ஆனா அவங்க முன்னாடி பேசும்போது பரீட்சை எழுதுற மாதிரியே இருக்கு. ஆயுசு முழுக்க எப்படிப் பரீட்சை எழுதுறது?” என்றாளாம். இதை உம்மா வந்து கூடத்தில் சொன்னபோது சிலர் நகைத்தார்கள்.

வழக்கம்போல் விஷயம் பெரிய வாப்பாவிடம் போயிற்று. மாப்பிள்ளைப் பையன் அவருடைய மாணவன். அவருக்கு மிகவும் பிடித்தவன். ஆகவே தீர்ப்பு எப்படி வரும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் கதையைச் சொன்னார். ஸாபித் அன்ஸாரிகளின் நாவலர். சுவனத்து நன்மாராயம் பெற்றவர். யமாமாப் போரில் ஷஹீதானவர். அத்தகையவருடைய மனைவியார் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, அவருடைய குணத்திலோ மார்க்கத்திலோ நான் குறை காணவில்லை, ஆனால் அவரோடு வாழ்ந்து நன்றி கெட்டவளாகிவிட அஞ்சுகிறேன் என்று முறையிட்டார். குறையில்லாதவரை ஏன் வெறுக்கிறாய் என்று அண்ணலார் கேட்கவில்லை. மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருவாயா என்று மட்டுமே கேட்டார்கள். அப்பெண்மணி இசைந்தார், மணவிலக்கு ஆயிற்று.

இவ்வளவையும் சொல்லிவிட்டுப் பெரிய வாப்பா, “மணமான பிறகு வந்து சொன்ன பெண்ணுக்கே அந்த உரிமை இருந்தது. இவள் முன்கூட்டியே சொல்கிறாள். விட்டுவிடுங்கள்” என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. கதவுக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெரியும்மா உள்ளே போய், அன்று வழக்கத்துக்கு மாறாகத் தாமே தேநீர் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்கள். அந்தத் தேநீரைப் பற்றி நான் இத்தனை ஆண்டுகள் யோசித்திருக்கிறேன்; விளக்கம் எழுத முனையவில்லை. அந்தப் பையனுக்கு வேறிடத்தில் மணமாயிற்று. கலகலவென்று பேசும் பெண். அவரையே பேச வைத்துவிட்டாள்.

இனிமையான சகவாசம் என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்றுவிடலாகாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இமாம் கஸ்ஸாலி அவர்கள் ‘இஹ்யா’வில் தோழமைக்கென்றே தனிப் பகுதி வகுத்து, யாரோடு சேர்வது, சேர்ந்தபின் என்னென்ன கடமைகள் என்று விரித்துரைத்தது வீணுக்கல்ல. பேச்சின் சுவையில் மயங்கிப் பொருளையும் நேரத்தையும், சில வேளை மானத்தையும் இழந்தவர்களை எல்லா ஊரும் அறியும். பினாங்கு மாமாவுக்கு நாங்கள் கொடுத்த கைமாற்றுகளைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கடை வைத்திருக்கலாம். எனினும் என் கவலை அவரைப் போன்றவர்களைப் பற்றியதன்று. அவர்களுக்கு எங்கும் திண்ணை கிடைத்துவிடும். மதிக்கப்படுபவர்களைப் பற்றியே என் கவலை. மதிப்பு என்பது நாம் ஒருவருக்குக் கொடுக்கும் உயர்ந்த இருக்கை. அதன் பக்கத்தில் இன்னோர் இருக்கை போட யாருக்கும் தோன்றுவதில்லை.

பெரிய வாப்பாவுக்கு 1984 வாக்கில் கண்பார்வை மங்கிவிட்டது. ஜமாஅத்தார் மீலாது விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். அவரிடம் படித்துப் பெரிய பதவிகளில் இருந்தவர்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் வந்து ஸலாம் சொல்லி, நின்றபடியே நலம் கேட்டு, துஆச் செய்யச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அவர் முன்திண்ணையில் தனியே அமர்ந்திருப்பார்.

அங்கே ஒருநாள் பினாங்கு மாமா வந்து சேர்ந்தார். யாரும் அழைக்கவில்லை. ஏதோ கைமாற்றுக்கு வந்திருப்பார் என்றே நாங்கள் எண்ணினோம். “காக்கா, பேப்பர் வாசிக்கட்டுமா?” என்று தினமணியை எடுத்துக்கொண்டார். மறுநாளும் வந்தார். பிறகு ஏறக்குறைய மூன்றாண்டுகள் தினமும் வந்தார். அவர் படிக்கும் அழகோ சொல்லத் தரமன்று. செக்கோஸ்லோவாக்கியா என்னும் சொல் வந்தால் பாதியில் நிறுத்திவிட்டு, “செக்கு ஊர்னு வச்சுக்குங்க காக்கா” என்று தாண்டிப் போய்விடுவார். பெரிய வாப்பா விடமாட்டார். எழுத்தெழுத்தாகச் சொல்லித் திருத்துவார். “அந்த ஊர்க்காரனுக்கே இது வாயில் நுழையாது காக்கா” என்பார் மாமா. அதன்பின் திண்ணையிலிருந்து ஒரு சிரிப்பொலி வரும். அது பெரிய வாப்பாவின் சிரிப்பு என்று வீட்டுப் பெண்கள் முதல்முறை நம்பவில்லை. எட்டிப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டார்கள்.

மாமா 1987-இல் மௌத்தானார். பெரிய வாப்பா அதன்பின் ஓராண்டுக்கு மேல் இருந்தார். பத்திரிகை நாள்தோறும் வந்துகொண்டுதான் இருந்தது. பேரன் ஒருவன், பள்ளியில் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்குபவன், அதைப் படித்துக் காட்ட முன்வந்தான். ஓரெழுத்துப் பிழையின்றி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தெளிவாகப் படித்தான். இரண்டு நாள் அமைதியாகக் கேட்டார். மூன்றாம் நாள் அவன் பத்திரிகையோடு வந்து அமர்ந்ததும், “உனக்குப் பாடம் இருக்கும், போய்ப் படி வாப்பா” என்று தலையைத் தடவி அனுப்பிவிட்டார்.